பிடியரிசிப் பை

சனிக்கிழமை சாயங்காலம் பிடியரிசிப் பையோடு தெருவில் இறங்கினால் அன்னம்மாள் எல்லா வாசலிலும் நிற்பாள். அய்யாசாமி வீட்டு வாசலில் மட்டும் நிற்க மாட்டாள். ஐந்தாம் ஜார்ஜ் ராஜா செத்துப்போன வருஷம் அது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு வடக்கே முப்பது குடிசை, நடுவில் ஓடு போட்ட ஒரு வேதக்கோவில். எல்லாம் கிறிஸ்து வேதத்துக்கு வந்த கூலிக்காரக் குடும்பங்கள். உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போடுவார்கள். ஒரு வாரத்துப் பிடி சேர்ந்ததும் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் வாங்குவது அன்னம்மாளின் அம்மா பார்த்த வேலை. பிறகு அது அன்னம்மாளுக்கு வந்தது. அடுத்தது அவள் மகள் எஸ்தருக்கு. பதினோரு வயதிலேயே கூட வந்து பழகிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் அரிசி போடாத வீட்டுக்குச் சபையில் பெயர் இருக்காது. செத்தால் மணி அடிக்க மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகாராசன் சபை மூப்பர் அய்யாசாமிதான். போட்ட சட்டத்தை முதலில் யார் தலையில் இறக்கினான் தெரியுமா? அன்னம்மாளின் அப்பா துலுக்கானத்தின் தலையில். மழை பொய்த்த வருஷம், மூன்று மாதமாக அடுப்பில் கேழ்வரகுக் கூழைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. அரிசிக்குப் பதில் ஒரு கை கேழ்வரகை நீட்டிய மனுஷனைப் பார்த்து, "கர்த்தருக்குக் கூழு ஊத்த வந்துகீறியா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தான் அய்யாசாமி. அந்த மாதமே துலுக்கானம் செத்தார். மணி அடிக்காமல் ஏரிக்கரைக்கு அப்பால் முள்ளுக்காட்டில் புதைத்தார்கள்.

அதற்கப்புறமும் அன்னம்மாள் ஏன் கோவிலை விடவில்லை என்று பலருக்கு ஆச்சரியம். விட்டிருந்தால் அய்யாசாமிக்குத்தானே கொண்டாட்டம்! பதினான்கு வருஷம் ஒரு நாள் தவறாமல் அரிசி போட்டாள். ஒவ்வொரு பிடிக்கும் ஒரே ஜெபம்: "கர்த்தாவே, எங்க நைனாவுக்குப் பண்ணதை அந்தாளுக்குப் பண்ணு." ஊரார் அவளுடைய பக்தியை மெச்சினார்கள்.

கர்த்தர் மெதுவாகத்தான் கேட்டார். அய்யாசாமிக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மூப்பர் பதவி போயிற்று. மகன் செங்கல் சூளையோடு கிடந்தான். மருமகள் நாகவல்லி விடியுமுன் வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அவள் ஞானஸ்நானம் வாங்காதவள், கோவில் சமாச்சாரம் ஒன்றும் அறியாதவள். வாசலில் ஒற்றையாகக் கிடந்தான் கிழவன். இதற்காகத்தான் அன்னம்மாள் காத்திருந்தாள்.

முதல் சனிக்கிழமை அவன் கூவினான். "அன்னம்மா! அரிசி கீதும்மா, வாங்கிகினு போ!"

எஸ்தர் நின்றாள். அன்னம்மாள் அவள் கையைக் கிள்ளி இழுத்தாள். "நீ பாட்டுக்கு நட."

"ஏம்மா?"

போகிற வழியில் அன்னம்மாள் தாத்தாவின் கதை முழுவதையும் சொன்னாள். கூழுப் பேச்சைச் சொன்னாள், முள்ளுக்காட்டைச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த வீடு வருமுன்பே எஸ்தர் தானாகத் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். 'எங்க நைனா ரத்தம்!' என்று அன்னம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. கிழவனும் வாராவாரம் கூவிக்கொண்டுதான் இருந்தான். தெருவில் பாதிப் பேருக்கு அவன்மேல் பழைய கோபம் இருந்ததால் யாரும் குறுக்கே வரவில்லை.

பதினான்காம் வாரம் அய்யாசாமி செத்தான். போதகர் சைக்கிளில் வந்து கோவிலில் உட்கார்ந்து சபைப் பட்டியலைப் பிரித்தார். அய்யாசாமி வீட்டு அரிசி வந்ததா என்று அன்னம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பதினாலு வாரமா ஒரு பிடி வரலீங்கய்யா," என்றாள். சொல்லும்போது வாய் இனித்தது.

அப்போது நாகவல்லி ஒரு பானையோடு வாசற்படிக்கு வெளியே வந்து நின்றாள். "மாமனாரு தெனம் ஒரு பிடி எடுத்து வெச்சாருங்க. வாங்கத்தான் யாரும் வரல." பானை நிறைய அரிசி. அடியில் வண்டு விழுந்திருந்தது.

போதகர் நிமிர்ந்தார். "அன்னம்மா, அந்த வீட்டுக்கு நீ போகவில்லையா?"

கோவிலுக்குள் அன்னம்மாள் இதுவரை பொய் சொன்னதில்லை. வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முன்னால் போய் நின்றாள்.

"வாராவாரம் போனோங்கய்யா. அந்தத் தாத்தாதான் அரிசி இல்லேன்னு தொரத்திட்டாரு. வேணும்னா வேதத்து மேல கை வெச்சுச் சொல்றேன்."

சொன்னபடி வைத்தாள். கண் கூட இமைக்கவில்லை. நாகவல்லி கத்திப் பார்த்தாள், வேதத்துக்கு வராதவள் சொல்லை யார் கேட்பது? போதகர் பட்டியலில் ஒரு கோடு கிழித்தார்.

மணி அடிக்கவில்லை. முள்ளுக்காட்டில் குழி வெட்டினார்கள். அன்னம்மாள் ஏரிக்கரைமேல் நின்று கடைசி மண் விழும்வரை பார்த்தாள். "நைனா, பாத்துகினியா?" என்று வாய்விட்டு அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். பதினான்கு வருஷ பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. மகள் சொன்ன பொய் நடுவில் ஒருமுறை உறுத்தியது. அதை அவள் ஒதுக்கித் தள்ளினாள்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐந்தாவது குடிசையில் காசநோய்க்காரி பொன்னியம்மா, எழுந்திருக்க முடியாமல் பாயில் உட்கார்ந்தபடி அரிசிச் சட்டியை நீட்டினாள். எஸ்தர் தாண்டிப் போனாள்.

"ஏய், நில்லுடி! பொன்னியம்மா கூப்புடுறா பாரு."

"அவ பொண்ணு என் பாவாடையைக் கீச்சிட்டாம்மா." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "பொன்னியம்மா ரொம்ப நாளு தாங்க மாட்டாளாம். மூணு மாசம் வுட்டா போதுமில்ல?"

அன்னம்மாள் அவள் முன்னால் போய் மறித்தாள். "அடிப்பாவி! அது பாவம்டி!"

"நம்ம தாத்தாவுக்காகப் பண்ணா பாவமில்ல, எனக்காகப் பண்ணா மட்டும் பாவமா?"

பொன்னியம்மா இருமிக்கொண்டே சட்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அன்னம்மாள் பையைப் பிடித்து இழுத்தாள். எஸ்தர் விடவில்லை.