ரெண்டு கோட்டு பான்கேக்

…ஓட்ஸை இன்னும் கொஞ்சம் பொடித்திருக்கலாமோ, மிக்ஸி சத்தத்தில் அப்பா எழுந்துவிடுவார் என்று பாதியில் நிறுத்தியதுதான் தப்பு, எழுந்தால் என்ன, எழுந்து சாப்பிடத்தானே இத்தனை பாடும், ஆனால் கண் திறக்கும்போது சூடாகக் கையில் நீட்ட வேண்டும், இல்லையென்றால் நேற்று மாதிரி பசிக்கலைம்மா என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாளாக அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சூப்புக்கும் அந்த முதுகு, ரொட்டிக்கும் அந்த முதுகு. டாக்டர் போனில் சாதாரணமாகத்தான் சொன்னார், இன்னைக்கும் ஒண்ணும் உள்ள போகலைன்னா நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துடுங்க, மூக்கு வழியா ஒரு குழாய் போட்டுடலாம்… ஏதோ ஜன்னலுக்குத் திரை போடுகிற மாதிரி. அப்பா மூக்கில் குழாயா. அவள் வாழைப்பழத்தை முள்கரண்டியால் இன்னும் அழுத்தி மசித்தாள். மைதா கூடாது, சர்க்கரை கூடாது, சரி, இனிப்புக்குப் பழம் இருக்கிறது, முட்டை இருக்கிறது, துளி பட்டைத்தூள் போட்டால் போச்சு, உடம்புக்கு எது ஆகாதோ அதையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் அது சின்ன வயதில் அப்பா சுட்டுத் தந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பான்கேக்காகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது, அவ்வளவுதானா…

பழைய வெள்ளைத்துணியைக் கிண்ணத்தின் வாயில் கட்டி மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கணவன் தண்ணீர் குடிக்க வந்தான். என்ன பண்றே என்றான். வடிகட்டுறேன். மாவையா? ஆமா, பின்னே? அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். சாப்பிடப்போறோமா, சுவத்துக்கு அடிக்கப்போறோமா? சிரித்துக்கொண்டே போய்விட்டான், ஆனால் அவள் கை அப்படியே நின்றது. அப்படியென்றால் யாருமே வடிகட்டுவதில்லையா? பள்ளித் தோழி வீட்டில், சமையல் வீடியோக்களில்… யாரும் துணி கட்டிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அப்பா பெயின்ட்டர். கட்டி இருந்தால் பிரஷ்ஷில் கோடு விழும் என்று பெயின்ட்டைத் துணியில் வடிகட்டுவார், மாவையும் அப்படியே வடிகட்டினார், அவளோ இத்தனை வருடமாக அதுதான் செய்முறை என்று நினைத்துக்கொண்டு… கீழே கிண்ணத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் கொஞ்சம், ஓட்ஸும் பழமும் மொத்தமாகத் துணிமேல் ஈரச் சிமென்ட் மாதிரி உட்கார்ந்திருந்தன. வழித்து வழித்துத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே மூக்கு எரிந்தது, அட இதற்கெல்லாமா.

அம்மா நர்ஸ், ஞாயிறு தவறாமல் டியூட்டி, அதனால் ஞாயிறு அப்பாவுடையது. பெயின்ட் தெறித்த அரைக்கால் சட்டையோடு அடுப்பு முன்னால் நிற்பார், கரண்டியைத் தூக்கி மாவு விழுகிற விதத்தைப் பார்ப்பார், ம், இன்னும் கொஞ்சம் பால் கேக்குது. அப்புறம் மெல்லிசாக ஒன்று ஊற்றுவார், சுவருக்குச் சொல்கிற மாதிரியே, இது முதல் கோட்டு. பக்கத்தில் கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் அவள் உட்கார்ந்திருப்பாள், அதனாலேயே அவளுக்கு டப்பா என்று பேர். இரு டப்பா, காயட்டும், காயாம அடிச்சா உரிஞ்சு வந்துடும். அப்புறம் அதன் மேலேயே ரெண்டாவது கோட்டு. இரண்டுக்கும் நடுவில் வேகாமலும் வெந்தும் ஒரு மெத்தென்ற இடம் இருக்கும், நாக்கு அதைத்தான் தேடிப்போகும். கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட அன்றைக்கு அது இருந்தது, அம்மா இறந்துபோன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, அன்றைக்கும் இரு டப்பா காயட்டும் என்றாரே, குரல் மட்டும் கொஞ்சம்… ஹோட்டல்களில் எத்தனையோ சாப்பிட்டாயிற்று, தேன் வழிய, பழம் அடுக்கி, எல்லாம் ஒரே கோட்டு அடித்துவிட்டு ஓடிய அவசர வேலை.

இப்போது அவள் கல்லில் ஊற்றிய முதல் கோட்டு ஒட்டிக்கொண்டது. தீயைக் குறைத்தாள், ஓரத்தில் குமிழ் வந்து அடங்கியது, ரெண்டாவதை ஊற்றினாள், வாழைப்பழம் சிவக்கிற வாசனை எழுந்தது. மாமா முழிச்சுட்டாரு என்று கணவன் வாசலில் தலையை நீட்டிச் சொன்னான்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார், வேலை பார்க்கிற கண். ரெண்டு கோட்டு அடிச்சிருக்கே. ஆமாப்பா. ஃபினிஷிங் பத்தலை டப்பா. சாப்பிடுப்பா முதல்ல, குறை அப்புறம் சொல்லு. மென்றார், மெதுவாக, விழுங்கினார். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று. ஒரு துண்டு, இன்னொன்று, பாதி போய்விட்டது… போகட்டும், போகட்டும்.

எனக்கு இது எப்பவுமே பிடிக்காது, தெரியுமா, என்றார் அப்பா, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற குரலில்.

எதுப்பா?

இதுதான். இந்த மாவு வாசனையே எனக்கு ஆகாது. உங்கம்மா இல்லாத அன்னைக்கு எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? நீ மூஞ்சியெல்லாம் ஈஷிக்கிட்டுச் சாப்பிட்டே. சரி, இதுவே ஓடட்டும்னு விட்டுட்டேன்.

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் போய்த் தேடினாள், அடுப்பு இருக்கிறது, கரண்டி இருக்கிறது, அவர் கை இருக்கிறது, அவர் சாப்பிட்டாரா, என்ன சாப்பிட்டார், எங்கே உட்கார்ந்து… ஒன்றுமே அகப்படவில்லை. அவருக்கும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பதாக அல்லவா நினைத்திருந்தாள். அப்போ உனக்கு என்னதாம்ப்பா பிடிக்கும்? அப்பா கூரையைப் பார்த்தார். தெரியலையே, யோசிச்சுச் சொல்றேன். மீதியையும் வாயில் போட்டு மென்று முடித்தார். அப்புறம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொண்ணு இருந்தா போடேன்.

சமையலறைக்கு வந்து நின்றாள். சாப்பிட்டுவிட்டார், அது போதும், நாளைக்குக் குழாய் வேண்டாம், டாக்டருக்குச் சொல்லிவிடலாம்… ஆனால் அந்த இன்னொன்றை அவர் பசியில் கேட்டாரா, இல்லை இவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாரா, அன்றைக்கெல்லாம் எதைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாரோ அதையேதான் இப்போதும்… கேட்டால் சொல்லமாட்டார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.