காவலுக்கு ஒரு ஹஷார்

பாஞ்சு ஆற்றங்கரை எல்லைக் காவல் சாவடியில் நான் சமையல்காரி. நாற்பது பேருக்குச் சமைத்த கை இது. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருஷத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்கு ஓடிப்போனார்கள். மீதியில் பெரும்பங்கைத் தலைநகரம் பிடுங்கிக்கொண்டது. மிஞ்சியது ஒன்பது பேர்.

தலைமையகம் ஆள் அனுப்பவில்லை, லாரி அனுப்பப் போவதாகச் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் இருபது பேராவது சேராவிட்டால் சாவடியைக் காலி செய்ய வேண்டுமாம். ஆற்றைத் தாண்டி வரும் கொள்ளைக்காரர்களுக்கு அப்புறம் எங்கள் ஊர்தான் முதல் வாசல்.

சாவடித் தலைவன் லெப்டினன்ட் க்ளெப் நல்ல பையன், ஆனால் ரஷ்யாக்காரன், எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. சம்பளம், பூட்ஸ், டப்பா இறைச்சி என்று எழுதி ஊர்ச் சுவரில் ஒட்டினான். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"ஏன் அக்கா யாருமே வரல?"

"எவன் வருவான் தம்பி? உன் சட்டையப் போட்டா நாளைக்கு மலைச் சண்டைக்கு அனுப்பி, சொந்தச் சித்தப்பன் மகனையே சுடச் சொல்லுவீங்க. அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடு. ஹஷார் கூப்பிடு."

வாய்க்கால் உடைந்தால், கூரை சரிந்தால் எங்களுக்கு ஹஷார்தான். வீட்டுக்கு ஒரு ஆள், கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. எந்தக் கட்சி என்று யாரும் கேட்கக் கூடாது. கூப்பிடுகிறவன் தானே வீடு வீடாகப் போய் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். சொல்லாத வேலையைப் பிறகு வாங்கக் கூடாது.

க்ளெப் முப்பத்திரண்டு வீட்டிலும் உப்புத் தேநீர் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். "துப்பாக்கி ஆத்தப் பாத்துத்தான் இருக்கும், மலைப் பக்கம் திரும்பாதுன்னு சொல்லிட்டேன் அக்கா."

வெள்ளிக்கிழமை காலை இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் குர்போன்ஷோவும் மமத்ராயிமும் இருந்தார்கள். ஒருத்தன் தம்பியை அரசாங்கப் படை கொன்றது, இன்னொருத்தன் தம்பியை எதிரணி கொன்றது. க்ளெப் பயந்துபோய் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? ஹஷார்ல பகையாளிங்களத்தான் ஒரே கல்லத் தூக்க விடுவோம். சேத்து அனுப்பு!"

இருவரும் துப்பாக்கியோடு, முகம் பார்க்காமல் காவல் கோபுரத்தில் ஏறினார்கள்.

மதியம் லாரியோடு தலைமையகத்துக் கேப்டன் வந்தார். "சீருடை இல்ல, கையெழுத்து இல்ல. இவங்க சிப்பாயா?"

"ஊர்க்காரங்க, ஐயா."

"நாளைக்கு மலைச் சண்டைக்குக் கூப்பிட்டா?"

"வர மாட்டாங்க. நானும் அனுப்ப மாட்டேன்," என்றான் க்ளெப். அவன் காது சிவந்திருந்தது. வேலை போகும், சிறைகூடக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவனைப் பெற்றவளாக நான் இல்லையே என்று இருந்தது.

அப்போதுதான் கோபுரத்திலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஆற்றின் நடுவே தோணி ஒன்று, ஆறேழு துப்பாக்கிகளோடு. கீழே இருந்த இருபத்து நாலு பேரும் கரையோரச் சுவருக்கு ஓடினார்கள். மேலிருந்து நாலைந்து வேட்டுகள் தண்ணீரைக் கிழித்தன. தோணி திரும்பி அக்கரைக்கே போயிற்று.

கேப்டன் டிரைவரிடம், "வண்டியில இருக்குற மாவு மூட்டைய எல்லாம் இறக்கு. சாவடி இங்கேயே இருக்கும், இவங்களுக்குச் சாப்பாடு வேணும்," என்றார்.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். கோபுரத்திலிருந்து குர்போன்ஷோ எட்டிப் பார்த்தான்.

"அக்கா, தேநீர் ஒரே கிண்ணத்துல குடுத்தனுப்பு. மமத்ராயிமுக்குக் கை நடுங்குது, நான் புடிச்சுக்குறேன்."