வடக்கு வரிசையின் மண்

எண்ணெய்ப் பனை நாற்றங்காலில் வடக்கு வரிசைக் கன்றுகள் மட்டும் மஞ்சளடித்தன. கன்று நின்ற பையைக் கிழித்துப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளைப் பூஞ்சை. மேற்பார்வைக்காரி தண்ணீரைத்தான் சந்தேகித்தாள். அந்த வரிசைக்குத் தண்ணீர் விட்டவள் அவளுடைய நாத்தனார்.

"ரெண்டு வேளை விடச் சொன்னா நாலு வேளை விடறே. அழுகாம என்ன செய்யும்?"

"விட்ட அரை மணியில காஞ்சிடுது அண்ணி. கையை வெச்சுப் பாருங்க."

அவள் கையை வைத்துப் பார்க்கவில்லை. சொந்தக்காரிக்குச் சலுகை என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்ற எண்ணம். "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றாள், பத்துப் பேர் பார்க்க. நாத்தனார் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு போனாள். வீட்டில் மேற்பார்வைக்காரியின் கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார்கள். நோய் நிற்கவில்லை, வேகமாகப் பரவத் தொடங்கியது. மூன்று வாரத்தில் முக்கால் வரிசை சாய்ந்துவிட்டது.

மண் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்தவர் தெற்கு வரிசைப் பை ஒன்றையும் வடக்கு வரிசைப் பை ஒன்றையும் சாக்கின் மேல் கொட்டினார். தெற்கு மண் கறுப்பாக, பிடித்தால் உருண்டையாக நின்றது. வடக்கு மண் விரலிடுக்கில் வழிந்தது.

"பூஞ்சை ரெண்டுலயும் இருக்கும்மா. ஆனா இது வெறும் மணல். தண்ணியும் நிக்காது, சத்தும் நிக்காது. பட்டினி கிடக்கிற வேர்ல பூஞ்சை சுலபமா ஏறிடும். தண்ணியை எப்பக் குறைச்சீங்க?"

சொன்னாள்.

"அதுவரைக்கும் யாரோ தண்ணி விட்டே இழுத்துப் பிடிச்சிருக்காங்க."

மேற்பார்வைக்காரி குனிந்து அந்த மணலில் கையை வைத்தாள். கறுப்பு மண் தீர்ந்தபோது, அவசரத்துக்கு மேட்டு மணலை நிரப்பச் சொன்னவளே அவள்தான்.

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தான் உட்காரவில்லை.

"தப்பு என் மேலதான். மண்ணை மாத்தினது நான். திரும்பி வந்துடு."

"எல்லார் முன்னாடியும் துரத்தினீங்க. இப்பத் தனியா வந்து கூப்பிடறீங்களே அண்ணி."

பிறகு நாத்தனாரே கேட்டாள்: "கன்னுங்க எப்படி இருக்கு?"

"நாளைக்குப் பிடுங்கி எரிக்கப் போறோம்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து, தன் வாயாலேயே மேற்பார்வைக்காரி உண்மையைச் சொன்னாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு வடக்கு வரிசையைத் தானே பிடுங்கினாள். நண்பகலுக்குள் எல்லாம் புகையாகிவிட்டது.

நாத்தனார் அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. எப்போதாவது அண்ணனைப் பார்க்க வந்தால், வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுகிறாள்.