ஐந்து நாள் மூச்சு

2019ஆம் ஆண்டு மார்ச் 6, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கர்ப்பத்தின் இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்ட பெண்குழந்தைக்கு அன்று நாற்பத்தேழு நாள். எடை 2,140 கிராம். மூச்சு ஒருமுறையும் நிற்காமல் ஐந்து நாள் கடந்தால்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஐந்தும் நிறையும். வெள்ளி விடியலில் தகப்பன் வேலைக்காகக் கப்பலேற வேண்டும்; திரும்ப ஏழு மாதமாகும். ஆக, மூவரும் ஒரே கூரையின்கீழ்ப் படுக்க ஒரே ஓர் இரவுதான் இருந்தது. அந்த இரவை நினைத்து நினைத்தே தாய் இத்தனை நாளையும் தள்ளியிருந்தாள்.

குளிப்பாட்டுவதற்காக மூச்சைக் கண்காணிக்கும் மானிட்டர் ஒயர்களைக் கழற்றியிருந்தார்கள். ஆயா துண்டெடுக்கப் போனாள். மடியில் கிடந்த பிள்ளையின் மார்பு இறங்கியது, மறுபடி ஏறவில்லை. செவிலியர் கற்றுக்கொடுத்தபடி தாய் எண்ணினாள். இருபதில் உதடு நீலம் பாரித்தது. உள்ளங்காலைத் தேய்த்தாள். பிள்ளை வெடுக்கென்று மூச்செடுத்து, ஒன்றும் நடவாததுபோலக் கொட்டாவி விட்டது.

யாரும் பார்க்கவில்லை.

கணவன் கைகழுவிக்கொண்டு உள்ளே வந்தான். "வீட்டுல தொட்டில் மாட்டியாச்சு. அஞ்சு கிலோ அரிசிப் பையைப் போட்டு ஆட்டியும் பாத்துட்டேன். அரிசி அழவேயில்ல!"

"உங்களைப் பாத்துப் பயந்திருக்கும்" என்றாள்.

"நாளைக்கு ராத்திரி இவ எவ்வளவு அழுதாலும் சரி, நீ எழுந்திருக்காத. நான் பாத்துக்கறேன். அந்தச் சத்தத்தைக் காதுல வச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

அப்போது சிஸ்டர் வந்தாள். தாயைவிட நான்கு வயது இளையவள். ஆனாலும் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்து, மருந்தெழுதி, வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்தும் இடும் தகுதி பெற்ற செவிலி. திரையைப் பார்க்குமுன் தாயைக் கேட்பது அவள் வழக்கம்.

"இன்னிக்கு என்ன பாத்தீங்கம்மா?"

'ஒன்றுமில்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தாய் அதை மென்று விழுங்கினாள்.

"மூச்சு நின்னுது, சிஸ்டர். இருபது எண்ணினேன். உதடு நீலமாச்சு."

"தூக்கமில்லாம உனக்குக் கண்ணு மயங்கியிருக்கும்" என்றான் கணவன் அவசரமாக.

"எனக்கா மயங்கும்? நாப்பத்தேழு நாளா அவ மாரைத் தவிர வேற எதைப் பாத்தேன்?"

சிஸ்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"சாண் ஏறினா முழம் சறுக்குதே, சிஸ்டர்" என்றான் அவன்.

"சறுக்கினப்ப பிடிக்க ஒரு கை இருந்துச்சுண்ணே. விளக்கணைச்சு நீங்க மூணு பேரும் தூங்கும்போது நடந்திருந்தா?"

அவன் குழந்தையின் விரல்களைத் தன் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

முடிவு இதுவே. எண்ணிக்கை அன்று பிற்பகல் இரண்டு பத்திலிருந்து மீண்டும் தொடங்கும். மார்ச் 11, திங்கட்கிழமைக்கு முன் குழந்தையை அனுப்புவதற்கில்லை. தகப்பன் குறித்தபடி வெள்ளியன்று புறப்படுவான். அதுவரை பார்வை நேரக் கட்டுப்பாடு அவனுக்கு இல்லை. ஒயர்களைக் கழற்றாமல் மகளை மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்று சிஸ்டர் எழுதிக் கையெழுத்திட்டாள். வீட்டுக்குத் தாய் மட்டும் அழைத்துச் செல்வாள்.