சாயம் குடித்த தோல்

ஊற்றில் குடத்தை அமிழ்த்திய முத்தாயியின் கை மணிக்கட்டு வரை சிவந்துபோயிற்று. வீலென்று கத்தினாள். உள்ளே ஏதோ ஆடு அடிபட்டுக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தால் ஆடும் இல்லை, ஒன்றும் இல்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீரே செக்கச்செவேலென்று கசிந்துகொண்டிருந்தது. தலைச்சோலை என்ற அந்த மலையூரில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குடிக்க இருந்தது அந்த ஓர் ஊற்றுதான்.

நிமிர்ந்தாள். மேட்டில் அவள் வீட்டுக் காப்பித் தோட்டம். விடியுமுன் பெய்த கோடை மழையில், செடித் தூரில் கொட்டியிருந்த உரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு நெளிந்து இறங்கியிருந்தது.

காப்பிப் பழத்தின் தோலை மலையில் எல்லோரும் செடிக்கே உரமாகப் போடுவார்கள். இந்த வருஷம் சேலத்துச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் அதைக் கேட்டு லாரி அனுப்பினார். கூடப் போன அவள் புருஷன் அங்கப்பன் வாயைப் பிளந்துகொண்டு திரும்பினான்.

"பீப்பாய்ல நம்ம தோலப் போட்டு, மேல சாயத்தண்ணிய ஊத்தறாங்க புள்ள. அடியில பன்னீராட்டம் தெளிஞ்சு வருது!"

வேலை முடிந்த தோல் பட்டறை வாசலில் குவிந்து கிடந்ததாம். நம் தோல் நம் மண்ணுக்கே வரட்டுமென்று அதையும் லாரியில் ஏற்றி வந்திருந்தான். கறுத்து ஊறிக் கிடந்ததைப் பார்த்து, நன்றாக மக்கிவிட்டது என்று அவளும்தான் சேர்ந்து செடிக்குச் செடி கொட்டினாள்.

கத்தல் கேட்டு அங்கப்பன் ஓடிவந்தான். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பெரியண்ணன்.

"என்ன அங்கப்பா, ஊத்துக்கே செவப்புச் சீலை கட்டி உட்டுட்டயா?" என்று சிரிக்கப் போன பெரியண்ணனின் வாய் பாதியில் நின்றது. "அடப்பாவி! எங்கூட்டுப் பொண்ணு இருட்டோட வந்து மொண்டுட்டுப் போச்சே. கொழந்தைக்குக் கஞ்சி வெக்கறாளே!" வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார்.

அங்கப்பன் பேயறைந்தவன் போல நின்றான். பிறகு அவனும் வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த, சாயம் படாத புதுத்தோல் மூட்டையைச் சுமந்து வந்தான்.

"இத ஊத்துல கொட்டுனா தெளிஞ்சிரும் புள்ள. எங்கண்ணால பாத்தேன்."

"தெளியட்டுங்க. அப்பறம் அந்தத் தோல எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

மலைக்கு மேல் மறுபடியும் இடி உருண்டது.

முத்தாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடேறினாள். முதல் செடித் தூரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சொதசொதத்த தோலை வாரினாள்.

"நின்னுட்டே இருக்கறீங்களே! மூட்டைய ஊட்டுல கொட்டிட்டு, வெறுஞ்சாக்கக் கொண்டாங்க!"