மச்சானுக்கு இரண்டு பைகள்

"அந்த மாமாவுக்குக் கை வலிக்காதாம்மா?" என்று ஐந்து வயது மகள் ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டாள். மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு, கணினித் திரைக்குள் ஆறு வருடங்களாகக் கைகளை அகட்டிக்கொண்டு நின்றிருந்த மனிதர் அவற்றை மடக்கித் தம் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். அன்று லிப்ட் பழுதாகியிருந்ததால் அலுவலகத்தார் அத்தனை பேரும் மூன்று மாடி ஏறி வந்திருந்தார்கள். ஆகவே முதலில் மூச்சு வாங்கினார்கள், பிறகுதான் ஆச்சரியப்பட்டார்கள்.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் மனிதர்களைச் செய்து விற்றார்கள். சினிமாவில் கூட்டமாக ஓடுவதற்கும், விளம்பரங்களில் சோப்பை முகர்ந்து சிரிப்பதற்கும், எச்சரிக்கைப் படங்களில் வழுக்கி விழுவதற்கும் ஆள் வேண்டியவர்கள் அங்கே வருவார்கள். உடம்பு செய்பவர் உடம்புக்காரர். அவர் மட்டும் ஊதினால் பறந்துவிடும்படி இருப்பார். முடி நடுகிற பெண் முடிக்காரி. உடுப்பு தைப்பவளைத் துணியம்மா என்பார்கள். மகளோடு வந்திருந்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி உடைந்து அந்தச் செவ்வாய்க்கிழமை விடுமுறை விட்டிருந்தார்கள்.

துணியம்மா தன் வாழ்நாளில் நிஜ ஊசியில் நூல் கோத்தது கிடையாது. கோக்க முயன்றிருக்கிறாள், ஊசி இசையவில்லை. இது தெரியாத அக்கம்பக்கத்தார் கிழிந்த தலையணை உறைகளோடு வந்து நிற்பார்கள். எனக்குத் தைக்க வராது என்று அவள் உண்மையைச் சொன்னால், "பெரிய இடத்துக்குத் தைக்கிறவங்க, நம்ம உறைக்கெல்லாம் இறங்கி வருவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் திரைக்குள் அவள் கை பட்டால் துணி சொன்னபடி கேட்கும். முதலில் தட்டையாகத் துண்டுகளை வெட்டுவாள். அவற்றை ஆளைச் சுற்றிக் காற்றில் நிறுத்துவாள். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று பேனாவால் கோடு இழுத்துவிட்டு ஒரு விசையைத் தட்டுவாள். துண்டுகள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். துணிக்கு எடை வந்து தோளிலிருந்து தொங்கும். முழங்கையில் மூன்று சுருக்கம் விழும். நாலு விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடி வெட்டுவாள். பார்க்கிறவர்கள் ஒருநாளும் எண்ணப்போவதில்லை, அவள் எண்ணினாள்.

இந்த வேலைக்கு ஆள் கைகளை அகட்டி நிற்க வேண்டும். கை ஒட்டியிருந்தால் அக்குளில் துணி சிக்கி, சட்டை விலா எலும்புக்குள் புகுந்துவிடும். திரைக்குள் அது அன்றாட விபத்து. எல்லா உடுப்பையும் முதலில் போட்டுப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். நடுத்தர வயது, கொஞ்சம் தொந்தி, கோபமில்லாத முகம். கல்யாணக் கூட்டமானாலும் கோர்ட்டு வாசலானாலும் கடைசி வரிசையில் அவரையும் ஒரு ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எல்லா விசேஷத்திலும் இருப்பவர் என்பதால் அவருக்கு மச்சான் என்று பெயர். இரண்டு கைகளிலும் கண்ணுக்குத் தெரியாத குடம் தூக்கி நிற்பவர்போல ஆறு வருடங்கள் அவர் அப்படியே நின்றார். அந்தக் கைகள் வலிக்குமா என்று கேட்கக் குழந்தைதான் வர வேண்டியிருந்தது. கடவுள் சில கேள்விகளைப் பெரியவர்களிடம் கொடுத்து வீணாக்குவதில்லை.

மகள் கேட்டதும் துணியம்மா மச்சானின் கோட்டில் இரண்டு பை தைத்தாள். அது அந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம். திரைக்குள் பை என்றால் மேலே வரைந்த ஒரு கோடுதான், உள்ளே ஒன்றும் இருக்காது. இவளோ அரைக்கை ஆழத்துக்கு உள்துணி வைத்துத் தைத்தாள். "இப்ப வலிக்காது, வா போகலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் நடந்ததை முன்பே சொல்லியாயிற்று.

உடம்புக்காரர் தான் எலும்பைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். கைகளை வெளியே இழுத்து வைத்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவை மறுபடி உள்ளே போயிருந்தன. முதலாளி வந்து, "டேய், கையை எடுடா" என்று திரையை அதட்டினார். மச்சான் அசையவில்லை. "மச்சான், ஒரு சட்டை போட்டுப் பாக்கணும். கொஞ்சம் கையை எடுங்க" என்றாள் துணியம்மா. அவர் எடுத்தார். ஆக, விஷயம் அந்த 'ங்க'வில் இருந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வாரம் மானம் தடுத்தது. எட்டாம் நாள் முதலாளியும் கதவைச் சாத்திக்கொண்டு, "கையை எடுங்க மச்சான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றதை முடிக்காரி கேட்டிருக்கிறாள். வருடக்கணக்கில் யாரையும் ஒருமையில் விரட்டியே பழகிய அந்த மனிதர், அதன்பின் டயர் கடைப் பையனைக்கூட வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்ததில், அந்தப் பையன் பயந்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

துணியம்மாவின் கணவர் தராசு பழுதுபார்ப்பவர். மனைவி போனில் யாரிடமோ, "மச்சான்கிட்டச் சொன்னாக் கேட்டுப்பார், பாவம், நல்ல மனுஷன்" என்று சொன்னதைக் கேட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பல்பொடி விளம்பரத்தில் மச்சானை மகள் காட்டிக் கொடுத்தாள். தொந்தியைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. நிம்மதி வந்ததும் கேலியும் வந்தது.

"உன் மச்சானுக்கு இடது பை ஒரு கட்டைவிரல் இறங்கியிருக்கே, கவனிச்சியா?"

"போங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"ஏம்மா, முப்பது வருஷமாத் தட்டு சமமா நிக்குதான்னு பாக்கிற கண்ணு இது."

அவர் சொன்னது சரிதான். தோள்பையைச் சுமந்து சுமந்து துணியம்மாவின் இடது தோள் சாய்ந்திருந்தது. தோள் சாய்ந்தால் தலை சாயும், தலை சாய்ந்தால் கோடு இறங்கும். அவள் தைத்த எல்லாப் பைகளிலும் இடது பக்கம் ஒரு கட்டைவிரல் இறக்கம்தான். உலகத்தில் வேறு யாரும் அந்தத் தப்பை அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

மச்சானின் கை வலி இப்படித் தீர்ந்தது. துணியம்மாவின் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தின் கணினி இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினாலும் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றுவிடும். அதனால் அறையில் வருடம் பூராவும் ஏசி இரைந்துகொண்டிருந்தது. முதலாளியே சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டுதான் உலாவினார். ஒன்பது வருடக் குளிரில் துணியம்மாவின் விரல் நுனிகள் முதலில் சாக்பீஸ் போல வெளுத்தன, பிறகு நீலமாயின, பிறகு இருப்பதே தெரியாமல் மரத்துப்போயின. கையுறை போட்டால் பேனா வழுக்கியது. முடிக்காரி தினமும் தன் டீ டம்ளரை ஆறும்வரை இவள் கையில் கொடுத்து வைத்திருப்பாள்; ஆறிய டீயைத்தான் தனக்குப் பிடிக்கும் என்பாள். அது பொய். அந்தப் பொய் நல்ல கணக்கில்தான் சேரும்.

"கையை எப்பவும் சூடா வெச்சுக்கணும்மா. மருந்தைவிட அதுதான் முக்கியம்" என்றார் மருத்துவர். "சும்மா இருக்கிற நேரத்துல கோட்டுப் பைக்குள்ள விட்டுக்கங்க."

துணியம்மா தன் சாம்பல் நிறக் கோட்டில் பையைத் தேடினாள். மூடி இருந்தது, மூடிக்குப் பொத்தான் இருந்தது, அதன் கீழே வெறும் தையல். பெண்களுக்கு எதற்குப் பை என்று கடைக்காரர்கள் நினைத்துச் செய்த கோட்டு அது. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கோட்டு தைத்தவள், தன் கோட்டில் இருப்பது வரைந்த பைக்கு அக்கா முறை என்பதை மருத்துவர் முன்னால்தான் கண்டுபிடித்தாள். பிரித்துத் தைக்கலாம், ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்களுக்கு அது முடியும். கணவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கை மரப்பதைச் சொன்னால் வேலையை விடு என்பார், வேலையை விட்டால் துணி விழும் அழகை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்தச் சமயத்தில்தான் ரயில்காரர்களின் வேலை வந்தது. தண்டவாளத்தின் ஓரத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்கிற ஒரு படம். மழை நாள், நடைமேடையில் நூற்று நாற்பது பேர், ஆளுக்கொரு மழைக்கோட்டு. ஒல்லி, குண்டு, கூன், கர்ப்பிணி என்று ஒவ்வொன்றும் உடம்புக்குப் பொருந்த வேண்டும். துணியம்மாவின் கை நத்தையாக ஊர்ந்தது. முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, மச்சானோட பையாலதான் மெஷின் பாதி நேரம் முழிச்சுக்கிட்டு நிக்குது. மூடித் தைச்சுட்டு மேல ஒரு கோடு வரைஞ்சு விடு. எவன் உள்ள கையை விட்டுப் பாக்கப்போறான்?"

"அவர் விட்டுட்டாரே சார்."

முதலாளி திரையைப் பார்த்தார். மச்சான் கைகளைப் பைக்குள் விட்டபடி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்களே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க. பையை மூட மாட்டேங்கிறீங்க, கையும் ஓட மாட்டேங்குது. தப்பா நினைக்காதீங்கம்மா. முடியலைன்னா அடுத்த மாசத்துக்கு நான் வேற ஆளைப் பாக்கவேண்டியதுதான்."

அவர் கெட்டவர் அல்ல. சொல்லிவிட்டு ஏசியை ஒரு புள்ளி குறைத்தார். உடனே ஒரு இயந்திரம் நின்றுவிட்டது. மறுபடி கூட்டினார்.

ஒரே ஒரு தடவை, வியாழக்கிழமை, அவள் மச்சானின் பை வாயில் மூடுவதற்கான கோட்டை இழுத்துப் பார்த்தாள். விசையைத் தட்டவேண்டியதுதான் பாக்கி. பைக்குள் அவர் விரல்கள் மெல்ல மடங்குவது துணியின் மேல் தெரிந்தது. கோட்டை அழித்துவிட்டாள்.

படம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பதினோரு வருடங்கள் அது ரயில் நிலையங்களில் ஓடியது. அதைப் பார்த்து எத்தனை பேர் ஓரத்துக்குப் போகாமல் இருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. கடைசி வரிசையில் தொந்தியோடு நிற்பவரைப்போல மழைக்கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நிற்பது மட்டும் பயணிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. முடிக்காரிக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைக்கும் நல்ல முடி. முதலாளி கடைசிவரை 'ங்க' போட்டார். துணியம்மா அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மதியம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று லிப்ட் சரியாகியிருந்தது. ஒன்றேகாலுக்கு அத்தனை பேரும் அதில் ஏறிப் பார்க்கும் ஆசையோடு சாப்பிடக் கீழே போனார்கள். துணியம்மா போகவில்லை. பதினோரு மழைக்கோட்டுகள் பாக்கி. பேனா விரலில் நிற்காமல் விழுந்தது, எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது அவள் குனியவில்லை.

"முடியாது போலிருக்கு மச்சான்" என்றாள். "எனக்கப்புறம் வர்றவங்க உங்க பையை மூடிடுவாங்க. கோவிச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், பை இல்லாத தன் கோட்டின் பக்கங்களில் கைகளைத் தேய்த்தாள். கைகள் உள்ளே போயின.

மணிக்கட்டு வரை போயின, அதற்கு மேலும் போயின. உள்ளே, யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியைப்போல வெதுவெதுப்பாக இருந்தது. வலது கை ஒரு உயரத்தில் நின்றது. இடது கை அதைவிட ஒரு கட்டைவிரல் கீழே நின்றது.

அவள் திரையைப் பார்த்தாள். யாரும் கேட்காமலேயே மச்சான் கைகளை அகட்டி, பழைய ஆறு வருடங்கள் நின்றதுபோல நின்றுகொண்டிருந்தார். அவருடைய கோட்டின் இரண்டு பக்கமும் வழவழவென்றிருந்தன. பை இருந்த சுவடே இல்லை.

பத்து நிமிடம் துணியம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரல்களில் முதலில் முள் குத்தியது, பிறகு எறும்பு ஊர்ந்தது, பிறகு அவை அவளுடைய விரல்களாயின. வெளியே எடுத்துப் பார்த்தாள், நகத்தடியில் சிவப்பு. குனிந்து பேனாவை எடுத்தாள். பதினோரு மழைக்கோட்டுகளும் காத்திருந்தன. அவள் முதலில் வேறு இரண்டு துண்டுகளை வெட்டினாள், அரைக்கை ஆழத்துக்கு. மச்சானின் இடுப்பருகே நிறுத்தும்போது, இடது பக்கம் இறங்கியிருப்பது வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கண்ணுக்கே தெரிந்தது. சரிசெய்யப் பேனா முனை நகர்ந்தது. பிறகு நின்றது. அப்படியே விட்டுவிட்டு விசையைத் தட்டினாள். துணி விழுந்தது.

"வெச்சுக்கங்க மச்சான்" என்றாள்.

அவர் வலது கையை முதலில் விட்டார், அப்புறம் இடதை. கீழேயிருந்து லிப்ட் ஏறி வரும் சத்தம் கேட்டது. துணியம்மா முதல் மழைக்கோட்டை விரித்தாள்.