கைதட்டல் கேட்ட திசை

டிசம்பர் முப்பத்தொன்று, காலை பதினோரு மணி. சுடுமணலில் எர்மெலிந்தா நான்காவது நடையாக மடக்கு நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டாள். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கடற்கரை வீட்டில் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை பதினாறு பேர்; சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் அவள் ஒருத்தி. பராகுவேயிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம். கடலைப் பார்த்தது இந்த வாரம்தான். அலை கால் நனைக்கும் தூரத்துக்குக்கூட அவள் போகவில்லை.

"எர்மெலிந்தா, மாத்தே டீ குடிக்கணும். ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டா," என்றான் கெர்மான், காலை நீட்டியபடி. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன், மூன்று வயது சிமோனின் அப்பா.

"தம்பிய யார் பாத்துக்கறது, ஐயா?"

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? பாத்துக்கறேன், போ."

ஃபிளாஸ்க்கோடு திரும்பியபோது கெர்மான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சிமோன் இல்லை.

ஐயோ, பிள்ளை எங்கே? கண் முதலில் அலைமேல்தான் போனது. நூறு தலைகள் மிதந்தன. ஒன்றும் அவன் தலையாகத் தெரியவில்லை. "சிமோன்! சிமோன்!" என்று அவள் அலறியதில் கெர்மான் திடுக்கிட்டு எழுந்து தண்ணீரை நோக்கி ஓடினான்.

வடக்கே எங்கோ கைதட்டல் கேட்டது. முதலில் நாலைந்து பேர், பிறகு பெருங்கூட்டம். அவள் ஊரில் வாசலில் நின்று யாராவது கைதட்டினால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். இங்கே பாட்டுக்காரன் எவனாவது வந்திருப்பான், இவர்களுக்கென்ன, கொண்டாட்டம் என்று வயிற்றெரிச்சலோடு அவள் தெற்கே ஓடினாள். மாதாவே, என் உயிரை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று புலம்பிக்கொண்டே ஓடினாள்.

ஐஸ் விற்கும் கிழவர் ஒருவர் வழிமறித்தார். "ஏம்மா, பேயடிச்ச மாதிரி ஓடறே?"

"புள்ளையக் காணோம் தாத்தா! மூணு வயசு!"

"அட பைத்தியமே! அங்க தட்டறாங்களே, காது கேக்கலையா? புள்ள தொலைஞ்சா தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, பெத்தவங்க வர்ற வரைக்கும் எல்லாரும் கைதட்டுவாங்க. திரும்பி ஓடு!"

ஓடினாள். பாதி வழியில் கைதட்டல் சட்டென்று நின்றது. யாரையோ பெற்றவர்கள் வந்துவிட்டார்கள்; ஆனால் அந்தப் பிள்ளை சிமோன்தானா? காலடி மணல் வழுக்க, மூச்சு முட்ட, மனம் கண்டதையும் நினைத்தது.

சிமோன், கைதட்டல் கேட்டு ஓடிவந்த தன் அம்மா வெரோனிகாவின் இடுப்பில் உட்கார்ந்து யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். எர்மெலிந்தா அப்படியே மணலில் சரிந்து அழுதாள்.

"கடற்கரை முழுக்கக் கைதட்டுது, நீ எதிர்ப்பக்கம் ஓடறே! பயந்து ஓடிப்போகப் பாத்தியா?" என்றாள் வெரோனிகா.

"இல்லம்மா, எனக்குத் தெரியாது... தம்பிய ஐயாகிட்டதான் விட்டுட்டுப் போனேன்."

"எங்கிட்டயா?" கெர்மான் துண்டை உதறினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட எப்ப சொன்னே?"

அவள் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"உன்னை நம்பி இனிமே புள்ளைய விட முடியாது. அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு," என்றாள் வெரோனிகா. "சாப்பாட்டைப் போட்டு, பாத்திரம் கழுவிட்டுக் கிளம்பு."

பதினாறு பேருக்கும் பரிமாறினாள். பாத்திரம் கழுவினாள். பையைக் கட்டினாள். இந்த வேலையும் போனால் ஊரில் தன் இரண்டு பிள்ளைகளுக்கு என்ன அனுப்புவது என்று கையிலிருந்த காசை எண்ணிப் பார்த்தாள்.

எல்லாரும் மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார்கள். சிமோன் மட்டும் வீறிட்டுக்கொண்டிருந்தான். அம்மா தூக்கிப் பார்த்தாள், அப்பா தூக்கிப் பார்த்தான், அடங்கவில்லை. கடைசியில் வெரோனிகா சமையலறைக்கு வந்து அவனை எர்மெலிந்தாவின் கையில் போட்டாள்.

"உங்கிட்டதான் தூங்குவான். தூங்க வச்சுட்டுப் போ. கண்ணசரற வரைக்கும் பக்கத்துலயே இரு, விட்டுட்டு எங்கயும் போயிடாதே."

அவள் கட்டிலோரம் ஒருக்களித்துப் படுத்தாள். அவன் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விக்கலோடு தூங்கிப்போனான்.

நாலரைக்குக் கெர்மான் அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு அறைவாசலில் வந்து நின்றான்.

"மெதுவா எழுந்திரு," என்று கிசுகிசுத்தான். "முழிச்சிடப் போறான்."

அவள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.